அடுத்த மாதத்துப் படம்

டிசம்பர் 7, ஞாயிறு

இந்த நோட்டை இன்று மாலை பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஸ்டேஷனரிக் கடையில் எண்பது ரூபாய்க்கு வாங்கினேன். காரணத்தை எழுதித் தொலைத்துவிடுகிறேன், யாரும் படிக்கப்போவதில்லை. காலை ஆன்லைன் வகுப்பில் வழக்கம்போல, "தினமும் மூணு விஷயத்துக்கு நன்றி எழுதுங்க, பணம் தானாத் தேடி வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர், "அக்கா, நீங்க எழுதுறீங்களா?" என்று கேட்டார். "ஆறு வருஷமா எழுதுறேன், ஒரு நாள் விட்டதில்ல" என்றேன். வாய் அதன் போக்கில் சொல்லிவிட்டது. ஆகவே, ஆறு வருடத்தில் முதல் நாள் இன்று.

முதல் நன்றி: வகுப்பு முடியும்வரை கரண்ட் போகவில்லை. இரண்டாவது: இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள், மூன்று பேர் பணம் கட்டிச் சேர்ந்தார்கள். மூன்றாவது நன்றிக்கு ஆள் தேடி ஐந்து நிமிடமாக உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் தவமணிக்கு எழுதலாம். மதியம் நான் கேட்காமலே ரசம் வைத்தார். உப்பு கொஞ்சம் தூக்கல்.

டிசம்பர் 8, திங்கள்

ஆறு வருடம் கழித்து எடுத்துப் படித்தால் எனக்கே புரிய வேண்டுமே, அதனால் விவரமாக எழுதுகிறேன். பெயர் பொற்கொடி. வயது முப்பத்தொன்பது. திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பதினொரு வருடம் பாடம் எடுத்தேன். அங்கே வேலை பார்க்கும்போதே மிக்ஸி, கிரைண்டர் பற்றித் தமிழில் எழுதும் ஓர் இணையதளம் ஆரம்பித்தேன். எது ஒழுங்காக அரைக்கும், எது சத்தம் மட்டும் போடும் என்று எழுதிவிட்டு, கீழே ஒரு பெரிய ஆன்லைன் கடையின் லிங்கைக் கொடுப்பேன். அந்த லிங்க் வழியாக யாராவது வாங்கினால் எனக்குக் கமிஷன். மூன்று வருடத்துக்கு முந்திய தீபாவளி மாதத்தில் என் கமிஷன் கணக்கு இரண்டு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து முந்நூற்றுப் பத்து என்று காட்டியது. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன்.

அந்தப் படம்தான் என்னை சென்டர் வேலையை விடவைத்து, இந்தக் கமிஷன் தொழிலுக்கு ஆசிரியை ஆக்கியது. இப்போது ஞாயிறுதோறும் இலவச வகுப்பு. இருபதாவது நிமிடத்தில் படத்தைத் திரையில் வைத்து, "இது ஒரே மாச வருமானம்" என்று சொல்லிவிட்டு ஐந்து நொடி பேசாமல் இருப்பேன். அந்த ஐந்து நொடி முக்கியம். அதற்குப் பிறகுதான் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் பயிற்சியைப் பற்றி வாயைத் திறக்க வேண்டும். இதுவரை நானூறு பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் நான் அக்கா. பழனியில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் நான் அக்கா.

படம் பொய்யில்லை. அன்று அந்த எண் என் திரையில் இருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

சமையலறையில் எலி. நன்றி எதுவும் இல்லை.

டிசம்பர் 10, புதன்

எலி போய்விட்டது. நன்றி.

டிசம்பர் 11, வியாழன்

இன்றைய நன்றி மாரீஸ்வரிக்கு. வத்தலக்குண்டு பக்கம் ஒரு கிராமத்து ரேஷன் கடையில் விற்பனையாளர். செப்டம்பரில் என் பயிற்சியில் சேர்ந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். கைரேகை மெஷின் மக்கர் பண்ணும்போதெல்லாம் வரிசையில் நிற்பவர்கள் அவரைத்தான் திட்டுவார்களாம். வீட்டுக்குப் போய் அந்தக் கோபத்தை எல்லாம் பிரஷர் குக்கர் பற்றி எழுதித் தீர்க்கிறார். நன்றாகவே எழுதுகிறார். "நாலு விசிலுக்கும் பருப்பு வேகவில்லை என்றால் குக்கரைத் திட்டாதீர்கள், பருப்பு வாங்கிய கடையைத் திட்டுங்கள்" என்று ஒரு வரி. ரேஷன் கடைக்காரர் எழுதிய வரி அது! வாய்விட்டுச் சிரித்தேன்.

அவருக்கு முதல் கமிஷன் வந்துவிட்டதாம். வரும் ஞாயிறு வகுப்பில் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறேன். வாரம் ஒரு மாணவர் வந்து பேசுவது எங்கள் தொழிலில் வழக்கம். இதற்கு ஒரு விதி உண்டு: தொகையைச் சொல்லக் கூடாது. "எனக்கு முதல் வருமானம் வந்துருச்சு" என்று மட்டும் சொல்ல வேண்டும். கேட்பவர் மனதில் என் படத்து எண் ஓடிக்கொண்டிருக்கும், அது பாட்டுக்கு ஓடட்டும். இது நான் கண்டுபிடித்ததில்லை. எல்லோரும் செய்வதுதான்.

டிசம்பர் 14, ஞாயிறு

மாரீஸ்வரி தொகையைச் சொல்லிவிட்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மூணு மாசத்துல ஆயிரத்தி நூத்தி நாப்பது ரூவா வந்துச்சு. ரீசார்ஜு எண்ணூத்தித் தொண்ணூத்தேழு போக எறநூத்தி நாப்பத்தி மூணு ரூவா மிச்சம்!" என்று, பிள்ளை முதல் மார்க் வாங்கியதைச் சொல்வதுபோல் பூரித்துச் சொன்னார். திரையின் ஓரத்தில் சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி வந்தன. வகுப்பிலிருந்து ஆட்கள் கழன்றுகொள்வது எண்ணிக்கையில் தெரிந்தது. யாரும் சேரவில்லை. ஒருவர்கூட.

இன்று நன்றி எழுதும் மனநிலையில் நான் இல்லை.

டிசம்பர் 15, திங்கள்

காலையிலேயே மாரீஸ்வரி போன் செய்தார்.

"தப்பாச் சொல்லிட்டனாக்கா?"

"தொகை சொல்ல வேணாம்னு சொல்லியிருந்தேன்ல?"

"வாயில வந்துருச்சுக்கா. கடையில அப்படியே பழகிப்போச்சு. சீனி எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு போச்சு, எவ்வளவு இருக்குன்னு சொல்லாட்டி ஆபீசருங்க விட மாட்டாகள்ல."

எனக்குக் கோபம் வடிந்துவிட்டது. அவர்மேல் ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியாது. அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். வருகிற முப்பத்தொன்றாம் தேதி ரேஷன் கடை வேலையை ராஜினாமா செய்யப்போகிறாராம்.

"பொங்கத் தொகுப்புக் கூட்டத்த இன்னொரு வருசம் என்னால பாக்க முடியாதுக்கா. எழுநூத்தி எம்பது கார்டு. கரும்பு குட்டையா இருந்தாலும் என்னையத்தேன் வைவாக. அதுக்கு முந்தியே எழுதிக் குடுத்துட்டு வந்து முழு நேரமும் நம்ம தொழில்ல உக்காந்துர்றேன். நீங்க காட்டுன படத்துல கால்வாசி வந்தாலும் எனக்குப் போதும்."

"நல்லா யோசிச்சுச் செய்ங்க" என்றேன். இதற்கு மேல் என்ன சொல்ல முடியும், அவரவர் முடிவு.

"யோசிச்சாச்சுக்கா. எங்க வீட்டுக்காரருதேன் ஒண்ணு கேக்குறாரு. தீவாளி மாசம் எல்லாருக்குந்தேன் யாவாரம் ஆகும், அடுத்த மாசம் அந்தம்மாவுக்கு எவ்வளவு வந்துச்சுன்னு கேளுன்றாரு. அடுத்த மாசத்துப் படம் ஒண்ணு அனுப்புங்கக்கா. அத மட்டும் காட்டிட்டா சரின்னுருவாரு."

மூன்று வருடத்தில் எத்தனையோ எம்.பி.ஏ. படித்தவர்கள் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள். அடுத்த மாதத்துப் படத்தை யாரும் கேட்டதில்லை. இந்த மனுஷன் கொத்தனார், என் வகுப்பை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

அடுத்த மாதப் படத்தை எங்கே வைத்தேன் என்று தேட வேண்டும். பழைய லேப்டாப்பில் இருக்கலாம். தவமணிக்கு நன்றி: சிலிண்டர் மாற்றினார், கரண்ட் பில் கட்டினார், நெட் பில்லும் கட்டினார்.

டிசம்பர் 17, புதன்

பழைய லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை. பரணைச் சுத்தம் செய்தேன். மூன்று டிபன் கேரியர் இருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

பழைய லேப்டாப் தேவையே இல்லை. அந்தக் கமிஷன் கணக்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். கம்ப்யூட்டர் டீச்சருக்கு இது தெரியாதா? இன்று மதியம் திறந்து பார்த்தேன்.

நடந்தது இதுதான். வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்ப அந்தக் கடை முப்பது நாள் அவகாசம் கொடுக்கும். அதுவரை கமிஷன் நம்முடையது இல்லை, திரையில் சும்மா நின்றுகொண்டிருக்கும். தள்ளுபடி நாளில் மூன்று கிரைண்டர் ஆர்டர் செய்து, ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பி அனுப்பும் கெட்டிக்காரர்கள் இந்த நாட்டில் இத்தனை பேர் என்று அந்தத் தீபாவளிக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தினமும் காலையில் எழுந்து பார்ப்பேன், எண் இறங்கியிருக்கும். முப்பதாம் நாள் அறுபத்தோராயிரத்தில் வந்து நின்றது. அந்த மாத விளம்பரத்துக்கு நான் கொட்டியது ஐம்பத்தெட்டாயிரம். மூவாயிரம் ரூபாய் என் கையில் தங்கியது. அடுத்த மாதத்துக் கமிஷன், மாரீஸ்வரியின் வீட்டுக்காரர் கேட்கிற அந்த மாதம், இரண்டாயிரத்து எழுநூற்று ஆறு.

எண் இறங்குவதற்கு முன்பே படத்தை சென்டரில் எல்லோருக்கும் காட்டிவிட்டேன். எங்களுக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று சூழ்ந்துகொண்டார்கள். பதினொரு வருடம் அந்த சென்டரில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு சொல்லித் திருத்திக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் பதினான்கு பேர் பணம் கட்டிவிட்டார்கள்.

எழுதியதும் மனசு லேசாக இருக்கிறது. நோட்டுக்கு நன்றி.

டிசம்பர் 20, சனி

மாரீஸ்வரிக்குப் படம் அனுப்பினேன். மாவு நன்றாகப் பொங்கியிருந்தது. இட்லி பஞ்சு. தவமணி ஆறு சாப்பிட்டார்.

டிசம்பர் 22, திங்கள்

மாரீஸ்வரியிடமிருந்து குரல் பதிவு வந்தது. "அக்கா, அவரு பாத்தாரு. ஒண்ணும் பேசல. ரெண்டு தடவ தலைய ஆட்டிட்டு, சரி எழுதிக் குடுத்துருன்னுட்டாரு. பதினேழு வருசத்துல அவரு எனக்குச் சரின்னு சொன்னது இதுதேங்க்கா மொதத் தடவ. இந்த நன்றிய நான் என்னைக்கும் மறக்க மாட்டேன்."

ஊருக்கெல்லாம் நன்றி சொல்லச் சொல்லிக்கொடுக்கிறேன். நன்றியை வாங்கிக்கொள்வது இவ்வளவு கஷ்டம் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைக் குறித்து வைக்கிறேன். திரையில் இருக்கும் எண்ணை மாற்றிப் படம் எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. முழு எண்ணாக வைக்கக் கூடாது. கடைசியில் ஏழோ மூன்றோ வர வேண்டும். போன மாதத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் இன்னும் நம்புவார்கள். பொதுவாகச் சொல்கிறேன்.

டிசம்பர் 24, புதன்

ராஜினாமாக் கடிதத்தை எழுதி, போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருக்கிறார். "நீங்க நல்லா எழுதுவீகள்ல, பாத்துத் திருத்திக் குடுங்கக்கா" என்று கீழே ஒரு வரி. கூட்டுறவு சங்கச் செயலாளருக்கு எழுதிய கடிதம். "சொந்தத் தொழிலில் நிலையான வருமானம் வருவதால் எனது பணியை மனமார ராஜினாமா செய்கிறேன்." முத்து முத்தான கையெழுத்து. இரண்டு இடத்தில் அடித்து, பக்கத்தில் அழகாகத் திருத்தியிருந்தார்.

ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு லூர்து டீச்சர் கேக் கொண்டுவந்து கொடுத்தார். நன்றி சொல்லக்கூட மறந்துபோய்த் தட்டை வாங்கிக்கொண்டேன். பிறகு கடிதத்தில் தேதி எழுத வேண்டிய இடத்தை மட்டும் குறித்து, "சரியாக இருக்கிறது" என்று அனுப்பினேன்.

சரியாக இல்லை.

டிசம்பர் 27, சனி

மாரீஸ்வரிக்கு அனுப்பிய படத்தை நான்தான் செய்தேன். இரண்டு லட்சத்து அறுபத்தோராயிரத்து நானூற்று நாற்பத்தேழு. ஏழில் முடியும்படி பார்த்துப் பார்த்து வைத்தேன். இட்லி மாவைக் கரைத்துவிட்டு வந்து உட்கார்ந்து செய்தேன்.

இதை எழுதிவிட்டுத் தவமணியிடம் போனேன். அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. வந்து கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எனக்கு மாசம் எவ்வளவு வருதுன்னு நீங்க ஒரு நாளும் கேட்டதில்லையே?"

"கேட்டா என்ன சொல்லுவ?"

துண்டை எடுத்து நீட்டினேன்.

"வாடகை நான் கட்டுறேன். கரண்டு நான் கட்டுறேன். உன் போனுக்கு ரீசார்ஜும் நான்தான் போடுறேன். ரெண்டு லட்சம் சம்பாரிக்கிற பொம்பளைக்கு எதுக்குடி நான் ரீசார்ஜ் போடணும்? எனக்குத் தெரியும், மூணு வருசமாத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ ஞாயித்துக்கெழமை காலையிலதான் நல்லாச் சிரிக்கிற. அதைக் கெடுக்க மனசு வரல." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "என் தப்புத்தான் அது."

அழுதேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். மாரீஸ்வரியைப் பற்றிச் சொன்னேன். "முப்பத்தொண்ணுக்கு இன்னும் நாலு நாள் இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார். இந்த மனுஷன் கிடைத்ததற்கு யாருக்கு நன்றி எழுதுவது என்று தெரியவில்லை, பொதுவாக எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

இத்தனைக்கும் பிறகு இன்றும் வகுப்பில் அதே தீபாவளிப் படத்தைப் போட்டேன். ஆண்டு இறுதிச் சலுகை என்று பத்து நாளாக விளம்பரம் செய்திருந்தேன். நானூறு பேர் வந்திருந்தார்கள். சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். இருபதாவது நிமிடம் வந்ததும் கை பழக்கத்தில் படத்தைப் போட்டது, வாய் ஐந்து நொடி மூடிக்கொண்டது. பதினொரு பேர் சேர்ந்தார்கள். இதுவரை ஒரே நாளில் இத்தனை பேர் சேர்ந்ததில்லை. நான் சிரிக்கவில்லை, தவமணி கவனித்தார்.

டிசம்பர் 30, செவ்வாய்

நேற்றே போக வேண்டும் என்று கிளம்பி, தலைவலி என்று படுத்துக்கொண்டேன். தலை வலிக்கவில்லை. இன்று காலை வத்தலக்குண்டு பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அந்த ஊருக்குப் போனேன். ரேஷன் கடை வாசலில் முப்பது பேர் இருந்தார்கள். வரிசையில் நின்றேன். "கார்டு எங்க?" என்று முன்னால் நின்ற அம்மா கேட்டார். கார்டு இல்லை என்றதும், "பெறகு என்னத்துக்கு நிக்கிற?" என்று நியாயமாகக் கேட்டார்.

அதற்குள் மாரீஸ்வரி என்னைப் பார்த்துவிட்டார். நாங்கள் நேரில் சந்திப்பது இதுதான் முதல் தடவை.

"அய்யோ, அக்கா! நேர்ல இம்புட்டுக் குட்டையா இருக்கீக!" என்று ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். வரிசையைப் பார்த்து, "இவுகதேன் எங்க அக்கா. வீட்டுல உக்காந்தே மாசம் ரெண்டு லட்சம் சம்பாரிக்கிறாக" என்றார். முப்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் சீனியை அள்ளித் தராசில் போட்டுக்கொண்டே பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று பஸ் முழுவதும் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது.

"வரல மாரீஸ்வரி" என்றேன்.

"என்னக்கா?"

"ரெண்டு லட்சம் வரல. ஒரு மாசமும் வந்ததில்ல. முதல் படத்துல இருந்தது என் கைக்கு வராத காசு. ரெண்டாவது படம் நானே எண்ணை மாத்திச் செஞ்சது."

மாரீஸ்வரியின் கை சீனிக் கரண்டியோடு அப்படியே நின்றது. பிறகு தராசைப் பார்த்தார். அரைக் கரண்டி சீனியைத் திரும்ப மூட்டையில் போட்டார், எடை சரியானதும் பையில் கொட்டினார். எதிரே நின்ற பெரியவர், "ஏம்மா, பாமாயிலு?" என்றார்.

"தாரேன் தாத்தா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமலே, "அங்கிட்டுப் போயி நில்லுங்க. வேல நடக்குது" என்றார்.

வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம் நின்றேன். முன்னால் நின்ற அம்மா, பையைத் தலையில் வைத்துக்கொண்டு போகும்போது என்னை மேலும் கீழும் பார்த்து, "நல்ல பொம்பள" என்றார். பாராட்டு இல்லை அது.

ஒரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

"லெட்டர நேத்தே குடுத்துட்டேன். நாளைக்குச் செயலாளர் லீவாம்."

நேற்று. எனக்கு இல்லாத தலைவலி வந்த நாள்.

இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து சங்க அலுவலகத்துக்குப் போனோம். செயலாளர் பரமகுரு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார். கடிதம் இன்னும் ஃபைலில்தான் இருந்தது. அந்த ஃபைல் சாயங்காலம் மேல் அலுவலகத்துக்கு அனுப்பும் தபால் கட்டுக்குள் இருந்தது.

"திரும்ப வாங்கிக்கலாம்மா. ஆனா காரணம் எழுதிக் குடுக்கணும். நேத்து மனமார ராஜினாமான்னு எழுதுன, இன்னைக்கு என்னான்னு கேப்பாங்கள்ல?"

மாரீஸ்வரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "நீங்க எழுதுங்க. நல்லா எழுதுவீகள்ல." அக்கா என்று சொல்லவில்லை.

ஆளைக் கவரும் வரிகள் எழுதுவதுதான் என் பிழைப்பு. ஒரு கிரைண்டரைப் பற்றி நாலு பக்கம் எழுதுவேன். இதற்கு இரண்டு வரிதான் வந்தது. "நிலையான வருமானம் வரும் என்று பொற்கொடி என்பவர் காட்டிய பொய்ப் படங்களை நம்பி ராஜினாமா கொடுத்தேன். அவை பொய் என்று அவரே நேரில் வந்து ஒப்புக்கொண்டதால் எனது கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன்."

செயலாளர் இரண்டு முறை படித்தார். "இதுல பொற்கொடிங்கிறது?"

"நான்தான் சார்."

கண்ணாடியை இறக்கி என்னை ஒரு தடவை பார்த்தார். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க" என்றார். கட்டை அவிழ்த்துப் பழைய கடிதத்தை உருவி மாரீஸ்வரியிடம் கொடுத்தார். அவர் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில், "எங்க வீட்டுக்காரருகிட்ட நீங்களே சொல்லீருங்க" என்று போனைப் போட்டுக் கொடுத்தார். சொன்னேன். அந்தப் பக்கம் கலவை மெஷின் சத்தம் கேட்டது. "ம்" என்றார். கொஞ்சம் கழித்து, "லெட்டரு கைக்கு வந்துருச்சா?" என்றார். வந்துவிட்டது என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார்.

"நான் குக்கரு எழுதுறத விட மாட்டேன்" என்றார் மாரீஸ்வரி. "அந்த எறநூத்தி நாப்பத்தி மூணு ரூவா நெசமா வந்ததுதேன்."

"அது நெசம்தான். என்னைவிட நீங்க நல்லா எழுதுறீங்க."

என் பஸ் வந்தது. ஏறும்போது பின்னாலிருந்து, "வராமயும் இருந்திருக்கலாம் நீங்க. வந்துட்டீக" என்றார். திரும்பிப் பார்ப்பதற்குள் கூட்டம் என்னை உள்ளே தள்ளிவிட்டது.

மாரீஸ்வரிக்கு நன்றி. தொகையைச் சொன்னதற்கு, படத்தைக் கேட்டதற்கு, என்னைத் திட்டாமல் இரண்டு மணி நேரம் நிற்கவைத்ததற்கு. அவருடைய வீட்டுக்காரருக்கும் நன்றி. பரமகுரு சார் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கட்டை அனுப்பிவிடாததற்கு நூறு நன்றி. மூன்றுக்கு மேல் ஆகிவிட்டது, ஆகட்டும்.

டிசம்பர் 31, புதன்

ஞாயிற்றுக்கிழமை சேர்ந்த பதினொரு பேருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பினேன்.

ஜனவரி 4, ஞாயிறு

வகுப்பில் படம் போடவில்லை. கமிஷன் கணக்கையே எல்லோர் கண் முன்னாலும் திறந்து காட்டினேன். போன நவம்பரில் வந்தது நான்காயிரத்து நூற்று எண்பத்தாறு ரூபாய். பழைய படத்தின் கதையை, திரும்பி வந்த கிரைண்டர்களை, விளம்பரச் செலவை, எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு வர்றதுல முக்கால்வாசி இந்தத் தொழில்ல இருந்து வரல, உங்க கட்டணத்துல இருந்து வருது" என்றும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. பழைய மாணவர்கள் யார் கேட்டாலும் பணத்தைத் தவணையிலாவது திருப்பித் தருவேன், போன் நம்பர் அனுப்புங்கள் என்றேன்.

இருநூற்று முப்பது பேர் இருந்தது அறுபத்தெட்டு ஆனது. ஒருவர் திருடி என்று எழுதினார். ஒருவர், "எல்லாரும் இதைத்தானே செய்றாங்க, நீங்க மட்டும் ஏன் உளர்றீங்க?" என்று எழுதினார், அவரும் இதே தொழில்தான். பழனித் தாசில்தார், "உங்கள் தைரியம் வாழ்க அக்கா, என் பணத்தைத் திருப்பி அனுப்பவும்" என்று எழுதினார். கடைசியில் ஓர் அம்மா, நிஜமாகவே எந்தக் கிரைண்டர் வாங்கலாம் என்று கேட்டார். அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசினோம். மூன்று வருடத்தில் இவ்வளவு நல்ல வகுப்பு நான் எடுத்ததில்லை.

யாரும் சேரவில்லை. அடுத்த வாரம் சென்டருக்குப் போய் வேலை கேட்கப்போகிறேன். தவமணி பாயசம் வைத்தார், எதற்கென்று கேட்டதற்கு "சும்மா" என்றார். இன்று இனிப்பு தூக்கல். இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஜனவரி 5, திங்கள்

இருபத்திரண்டு பேர் நம்பர் அனுப்பியிருந்தார்கள். காலை பத்தரைக்குப் போன் செய்ய உட்கார்ந்தேன். முதல் நாலு பேர் திட்டினார்கள், அக்கவுண்ட் நம்பர் சொன்னார்கள். ஐந்தாவது நம்பர் சிவகாசி. பெயர் சங்கரலிங்கம், சேர்ந்தது போன ஜூலையில்.

"அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்கண்ணே, அனுப்பிர்றேன்."

"பணத்துக்காக நம்பர் அனுப்பலக்கா. ஒண்ணு கேக்கணும். அந்தப் படம் நெசமில்லைன்னுதான நேத்துச் சொன்னீங்க? நான் சரியாத்தான கேட்டேன்?"

"ஆமாண்ணே. நெசமில்ல."

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"நான் ஆகஸ்ட்லயே பிரஸ் வேலைய விட்டுட்டேன்க்கா."

அக்கவுண்ட் நம்பர் எழுத எடுத்த பேனாவை மூடி வைத்தேன்.

"இத்தன நாளும் என் மேலதான் கொறைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எல்லாருக்கும் வருது, நமக்கு மட்டும் ஏன் வரல, நம்ம மண்டையில ஒண்ணும் இல்லபோலன்னு. வீட்டுல பிள்ளைங்க மூஞ்சியப் பாக்க முடியல. இப்பத் தெளிஞ்சுபோச்சு. நாளைக்கே பழைய மொதலாளியப் போயிப் பாக்குறேன், சேத்துக்கிருவாரு. நீங்க சொல்லலேன்னா இன்னும் எத்தன மாசம் உக்காந்திருப்பேனோ. சொன்னதுக்கு ரொம்ப நன்றிக்கா."

அவர் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மாரீஸ்வரி சொன்னதால் எனக்கு மாரீஸ்வரியைத் தெரியும். இவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யாரையுமே, என்ன வேலை பார்க்கிறீர்கள், அதை விட்டுவிட்டீர்களா என்று நான் கேட்டதில்லை.

நம்பர் அனுப்பியவர்கள் இருபத்திரண்டு பேர். என் பட்டியலில் இருப்பவர்கள் நானூற்றுப் பதினேழு பேர். பட்டியலை முதலிலிருந்து திறந்து வைத்திருக்கிறேன். மணி பதினொன்று இருபது. முதல் நம்பரைப் போடுகிறேன்.